இழுபடும் கத்தி

புது வண்டியில் குலசாமி பெயரோ பிள்ளைகள் பெயரோ ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் கடைக்குப் போனவர்கள் அந்த இயந்திரத்தைப் பார்த்திருப்பார்கள். கடைக்காரர் கணினியில் பெயரைத் தட்டுவார். பக்கத்தில் நிற்கும் நீளப் பெட்டி கிர்ர்ரென்று முனகிக்கொண்டு வினைல் சுருளை முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கும். அரை நிமிடத்தில் சத்தம் ஓயும். உற்றுப் பார்த்தாலும் தாளில் எதுவும் நடந்த மாதிரி தெரியாது. அவர் ஊசி முனையால் ஓர் ஓரத்தைக் கிளப்பி இழுப்பார். வேண்டாத பகுதி முழுவதும் பாம்புச் சட்டைபோலக் கழன்று வரும். ‘அய்யனார் துணை’ மட்டும் தாளில் நிற்கும்.

அந்தப் பெட்டியின் குட்டி வடிவம் இன்று அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் பலருடைய சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. க்ரிக்கட் என்று பெயர். மட்டையும் பந்தும் நினைவுக்கு வந்தால் அது நம் பழக்கதோஷம். ஆங்கிலத்தில் சில்வண்டுக்கும் அதே உச்சரிப்புதான். சில்லவுட் என்று போட்டிக்கு இன்னொன்றும் உண்டு. இரண்டு நிறுவனங்களுக்கும் யூட்டா மாநிலம்தான் ஊர்.

என் அக்கா மகள் டெக்சாஸில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் நான் அவள் வீட்டில் இருந்தேன். அங்கே பள்ளி திறக்கப்போகும் நேரம். மேசையில், நாற்காலியில், சோபாவின் முதுகில் எங்கு பார்த்தாலும் மீன்கள். “மாமா, உட்காரும்போது பார்த்து உட்காருங்க, கடல்குதிரை இருக்கு” என்றாள்.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு ஓர் அறை. வருடம் முழுக்க அவரும் அதே பிள்ளைகளும் அங்கேதான் இருப்பார்கள். அதனால் அறையைத் தன் வீடுபோல நினைத்து ஜோடிப்பது வழக்கம். ஜோடனைக்கு ஒரு தலைப்பும் வைத்துவிடுவார்கள். காடு, விண்வெளி, முகாம் கூடாரம், கடல் என்று ஏதாவது ஒன்று. கதவில் தொடங்கும் தலைப்பு, பலகையின் ஓரக்கரை, பிறந்தநாள் பட்டியல், புத்தகக் கூடை, பென்சில் டப்பா என்று பரவி, கழிவறைக்குப் போகிற பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பும் அட்டை வரைக்கும் போய்விடும்.

செலவு பெரும்பாலும் ஆசிரியரின் கைக்காசு. 2014-15 கல்வியாண்டுக்கு அமெரிக்கக் கல்விப் புள்ளியியல் மையம் எடுத்த கணக்கில், அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் வகுப்புக்காகச் சொந்தப் பணம் செலவழித்திருந்தார்கள். சராசரி 479 டாலர். ஜோடனைக்கு மட்டுமல்ல, தாள், பென்சில் எல்லாம் சேர்த்துத்தான். இதற்கென்று வருமான வரியில் இருந்த 250 டாலர் கழிவை 2022இல் 300 ஆக்கினார்கள். க்ரிக்கட் மேக்கர் 3 சந்தைக்கு வந்தபோது விலை சுமார் 400 டாலர். வீட்டு மாப்பிள்ளை அந்தப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஏன் பெருமூச்சு விட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

முன்பெல்லாம் இந்த வேலையைச் செய்தது எலிசன் என்ற கையியந்திரம். 1970களின் பிற்பகுதியில் பள்ளிகளுக்கென்றே வந்தது. எஃகுப் பட்டையை எழுத்து வடிவில் வளைத்து ஒரு கட்டையில் பதித்திருப்பார்கள். எழுத்துக்கு ஒரு கட்டை. காகிதத்தின் மேல் கட்டையைக் கவிழ்த்து நெம்புகோலை இழுத்தால் மொடுக்கென்று எழுத்து விழும். உழைப்புக்கு அஞ்சாத இயந்திரம்தான். ஆனால் கட்டை இருந்தால்தான் எழுத்து. ஆசிரியர் அறை அலமாரியில் ‘இ’ கட்டையைக் காணோம் என்றால் அன்றைக்கு ‘வெல்கம்’ கிடையாது.

க்ரிக்கட்டின் முதல் தலைமுறையும் இந்தக் கட்டைச் சிக்கலிலிருந்து முழுக்க விடுபடவில்லை. ப்ரோவோ கிராஃப்ட் என்ற கைவினைப் பொருள் நிறுவனம் 2000களில் அதை விற்றபோது வடிவங்கள் கார்ட்ரிட்ஜில் அடைபட்டு வந்தன. டைனோசர் வேண்டுமா, டைனோசர் உள்ள கார்ட்ரிட்ஜை வாங்கு. 2014இல் எக்ஸ்ப்ளோர் என்ற மாதிரி வந்த பிறகுதான் தாமே வரைந்த படத்தைக் கணினி வழியாக ஏற்றி வெட்டுவது சாதாரணமானது. அதற்கும் 2021 மார்ச்சில் ஒரு சோதனை வந்தது. சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 படம் மட்டுமே ஏற்றலாம் என்று நிறுவனம் அறிவித்தது. பங்குச் சந்தையில் அது நுழைந்ததும் அதே மாதம்தான். காசு கொடுத்து வாங்கிய அரிவாள்மனை, மாதத்துக்கு இருபது கத்தரிக்காய்தான் நறுக்குவேன் என்று சொன்னால் சும்மா இருப்போமா? அங்கேயும் இருக்கவில்லை. சில நாட்களிலேயே அறிவிப்பு திரும்பப் போய்விட்டது.

இந்த இயந்திரத்தின் பூர்வீகம் ஒரு பேனா. 1959இல் வந்த கால்காம்ப் 565 என்ற வரைகருவியில் காகிதம் ஓர் உருளையின் மேல் முன்னும் பின்னும் ஓடும். பேனா இடமும் வலமும் ஓடும். இரண்டு ஓட்டத்தையும் கணினி கலந்துவிட்டால் வட்டம், சாய்கோடு, வளைவு எதையும் வரையலாம். க்ரிக்கட்டுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. ஒட்டும் பசை தடவிய ஒரு விரிப்பில் காகிதத்தை ஒட்டி உள்ளே விட்டால், உருளைகள் விரிப்பை முன்னும் பின்னும் இழுக்கும்; கத்தி பொருத்திய தலை குறுக்கே ஓடும். ஒரு மோட்டார் இதற்கு, ஒரு மோட்டார் அதற்கு. இம்மி இம்மியாக எண்ணி நகரும் மோட்டார்கள் என்பதால் போன இடத்துக்கே பிசகாமல் திரும்பி வரும்.

பேனாவைக் கழற்றிவிட்டுக் கத்தியை மாட்டினால் போதுமே என்று தோன்றும். போதாது. பேனாவின் முனை உருண்டை. எந்தப் பக்கம் இழுத்தாலும் கோடு விழும். கத்திக்கு முகம் உண்டு. முகம் வடக்கே பார்க்கும்போது கிழக்கே இழுத்தால் காகிதம் கிழியும். நாம் கத்தரிக்கோலால் வெட்டும்போது நம்மையறியாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கிறோம். இயந்திரத்தில் யார் திருப்புவது?

ஒரு மோட்டாரை வைத்துத் திருப்பலாம். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1940இல் அமெரிக்கா வந்து சேர்ந்த ஜோசப் கெர்பர், ஆடைத் தொழிற்சாலைகளுக்காக 1960களின் இறுதியில் செய்த துணி வெட்டும் இயந்திரம் அந்த வழியில் போனது. ஆனால் அது பெரிய மேசை, பெரிய செலவு. காகிதத்துக்கும் வினைலுக்கும் அதைவிட எளிய தந்திரம் ஒன்று உண்டு. பெரிய கடைகளில் சாமான் தள்ளிக்கொண்டு போகும் வண்டியின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். அச்சு நேர் கீழே இல்லை, கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அதனால் வண்டியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஸ்டிக்கர் கத்தியும் இப்படித்தான். பென்சில் முனை மாதிரி ஒரு தண்டு, தங்குதடையின்றிச் சுழலும்படி உறைக்குள் நிற்கிறது. அதன் வெட்டும் முனை நடு அச்சில் இல்லாமல் சுமார் கால் மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. தலை நகர்ந்தால் முனை பின்னால் இழுபட்டுக்கொண்டே போகும். போகும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்புவதற்கு மோட்டார் வேண்டாம், காகிதத்தின் உராய்வே திருப்பிவிடும்.

அந்தக் கால் மில்லிமீட்டரை மென்பொருள் மறந்துவிட்டால் மூலையெல்லாம் மழுங்கும். ‘வ’வின் வயிற்றை வளைப்பதில் சிரமமில்லை. ‘ட’வின் மூலையில்தான் சோதனை. மூலை வந்ததும் உடனே திரும்பாமல், தலை ஒரு மயிரிழை முன்னே போய், முனையை அங்கேயே ஊன்றி ஒரு சிறு வில் அடித்து, முகம் திரும்பியபின் புறப்படும். இயந்திரத்தின் முன் குனிந்து பார்த்தால் மூலைக்கு மூலை அது தயங்குவது தெரிகிறது. நான் பத்து நிமிடம் பார்த்தேன். காப்பி ஆறிவிட்டது.

2017இல் வந்த மேக்கர் என்ற மாதிரி இதோடு கெர்பரின் பழைய வழியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. துணிக்கும் மெல்லிய பால்சா மரத்துக்கும் அதில் கத்தியை மோட்டாரே திருப்புகிறது. அழுத்தம் 4 கிலோ வரை போகும். எக்ஸ்ப்ளோரில் அது ஏறக்குறைய 400 கிராம்தான். வகுப்பறை மீன்களுக்கு 400 கிராமே தாராளம் என்பது என் எண்ணம்.

ஆழம் இன்னொரு நுட்பம். ஒட்டும் வினைலில் மேலே படலம், நடுவே பசை, அடியில் வழுக்கும் மெழுகுத்தாள் போன்ற ஒரு தாள். படலத்தின் கனம் சுமார் 0.08 மில்லிமீட்டர், நம் தலைமயிரின் கனம். கத்தி படலத்தை முழுக்க அறுக்கவேண்டும். அடித்தாளைத் தொடலாம், அறுக்கக்கூடாது. கடையில் ‘எதுவும் நடந்த மாதிரி தெரியாது’ என்று சொன்னேனே, அதற்கு இதுதான் காரணம்.

எனக்குக் கொடுத்த வேலை உரிப்பது. அமெரிக்கர்கள் அதைக் களையெடுப்பு என்றே சொல்கிறார்கள். கையில் பல்மருத்துவர் கொக்கி மாதிரி ஒன்று. 22 பிள்ளைகள், 22 மீன்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். வெளிப்பகுதி ஒரே இழுப்பில் வந்துவிடும். ‘ஏ’, ‘ஓ’, ‘பி’ எழுத்துகளின் வயிற்றுக்குள் இருக்கும் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்கவேண்டும். அதைவிட மோசம் சின்ன ‘ஐ’யின் தலைப்புள்ளி. கொஞ்சம் வேகமாக இழுத்தால் களையோடு பயிரும் வந்துவிடும். நம் ஊர்க் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். மெய்யெழுத்துக்கு மெய்யெழுத்து புள்ளி வைக்கும் மொழியில் அவர் எத்தனை புள்ளிகளைக் காப்பாற்றுகிறார்!

“மாமா, தாளை விரிப்பிலிருந்து உரிக்காதீங்க. விரிப்பைத் தாளிலிருந்து உரிங்க” என்றாள். முதலில் விளங்கவில்லை. விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, விரிப்பை வளைத்துப் பின்னுக்கு இழுத்தால் தாள் மேசையில் தட்டையாக நின்றுவிடுகிறது. மாற்றிச் செய்தால் அட்டை மீன் அப்பளமாகச் சுருண்டுகொள்கிறது.

மறுநாள் அவள் சறுக்கினாள். சுற்றுலாவுக்கான சட்டையில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டும் வினைல். இதைத் தலைகீழாகப் போட்டு, பின்பக்கம் வெட்டவேண்டும். ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிவிட்டு வெட்டுவது முறை. அவசரத்தில் திருப்ப மறந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் நெற்றியில் எழுதியிருக்குமே, அந்த மாதிரி வந்து நின்றது சட்டை. “கண்ணாடி பார்க்கும்போது மட்டும் போட்டுக்கலாம்” என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு இரவு அவருக்குத் தோசை வரத் தாமதமானது.

வெட்டுவது இவ்வளவு எளிதாகிவிட்டால் சுவர் தாங்குமா என்பதுதான் எனக்கு எழுந்த சந்தேகம். கத்தரிக்கோல் காலத்தில் கைவலி ஒரு வரம்பு போட்டது. இப்போது அந்த வரம்பு இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனா ஃபிஷரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில அறிவியல் பாடங்களைச் சுவர் நிறைய ஜோடித்த அறையிலும், சிலவற்றை வெறும் சுவர் அறையிலும் நடத்தினார்கள். ஜோடித்த அறையில் பிள்ளைகளின் கவனம் பாடத்தை விட்டு விலகியிருந்தது 38.6 சதவீத நேரம். வெறும் அறையில் 28.4. பாடத்திலிருந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை, ஜோடித்த அறைக்கு 42 சதவீதம், மற்றதற்கு 55. 24 பிள்ளைகள் சின்னக் கூட்டம்தான். அதை வைத்து எல்லாச் சுவர்களையும் சுரண்டிவிட முடியாது. இங்கிலாந்தில் 153 வகுப்பறைகளைப் பார்த்த சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு (2015) நடுவழியைச் சொன்னது: மொட்டைச் சுவரும் ஆகாது, அடைத்த சுவரும் ஆகாது, 20 முதல் 50 சதவீதம் வரை வெறுமையாக விடலாம்.

எதை மாட்டுவது என்பதும் இருக்கிறது. செயல்வழிக் கற்றல் வந்தபோது நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தலைக்கு மேலே கம்பி கட்டி, பிள்ளைகள் செய்ததையும் வரைந்ததையும் தொங்கவிட்டார்கள். கம்பிப் பந்தல் என்று பெயர். கடைச்சரக்கு ஒன்றும் அதில் இராது. இயந்திரம் வெட்டிய 22 மீன்களைவிட எனக்கு அது பிடிக்கும். என் அக்கா மகளிடம் சொன்னபோது, “மொத நாள் காலைல அவங்க செஞ்சது எதுவும் இருக்காதே மாமா, வெறும் சுவத்தைப் பார்த்தா அழுவாங்க” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் கடலுக்குக் கரை கட்டியது தீயணைப்பு விதி. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்றில், தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லாத வகுப்பறையில் காகிதமும் படமும் சுவர்ப்பரப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அமைப்பு இருந்தால் 50 வரை போகலாம். பள்ளிக்கு நானும் கூடப் போனேன். அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவள் இழுத்துக்கொண்டு போய்க் கணக்குப் போட்டாள். கூரையை அண்ணாந்து பார்த்து நீர்த்தெளிப்பான்களை எண்ணினாள். பலகைக்குப் பின்புறச் சுவரில் பாதியும், ஜன்னல் பக்கம் முழுவதும் காலியாக விட்டுவிட்டு, ஒரு திமிங்கலத்தையும் இரண்டு சுறாக்களையும் சுருட்டிக் காரில் போட்டாள்.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது என் சட்டைக் காலரில் நீல வினைல் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. யாருடைய பெயரில் ‘ஐ’யின் தலை காலியாக இருக்கிறதோ தெரியவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். “அது நான் சித்தெறும்புன்னு கூப்பிடுற பொண்ணு, மாமா. பதினேழாவது மீன். ஸ்கெட்ச் பேனாவால அவளே புள்ளி வெச்சுக்கிட்டா” என்று பதில் வந்தது.