அகதி என்னும் சாதி: குடியுரிமை குறித்துச் சில குறிப்புகள்

1

பொட்டிப்புரம் என்று ஊர்ப்பேரைச் சொன்னதும் வெளியூர்த் தோழர்கள் நியூட்ரினோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது எங்கள் பக்கத்து ஊர்களில் கூடிக்கூடிப் பேசினோம். வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினோம். அப்படி ஒரு கூட்டத்துக்கு என்னோடு எம்.ஏ. தமிழ் படித்த நண்பன் வந்திருந்தான். மாவட்டத்திலுள்ள ஈழத்தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் துண்டறிக்கையில் சந்திப்பிழை திருத்திக் கொடுத்ததே அவன்தான்.

கையெழுத்துத் தாள் சுற்றி அவனிடம் வந்தது. வாங்கினான், ஒருமுறை படித்தான், பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்திவிட்டான். வெளியே டீ குடிக்கும்போது கேட்டேன்.

“மாப்ள, நான் போட்டா சரியா வராதுடா. நாளைக்கு ஒருத்தர் வந்து, நீ எந்த ஊர்க்காரன், ஒனக்கெதுக்கு இந்த மலைன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

எனக்கும் பதில் தெரியவில்லை. குடியுரிமை என்றால் ஓட்டு, பாஸ்போர்ட், அரசு வேலை என்று பட்டியல் போட்டுத்தான் பழகியிருக்கிறோம். வாழ்கிற இடத்தில் நடக்கும் ஒன்றைக் ‘கூடாது’ என்று சொல்லி, ராத்திரி பயமில்லாமல் தூங்கப் போவதும் அதில் சேர்த்திதான் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

ஒருவர் தஞ்சம் கேட்டு வந்து குடிமகனாவது வரையுள்ள பாதை எப்படி அமைகிறது, நம்மிடத்தில் அது எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை விளக்குவதே இந்தக் குறிப்புகளின் நோக்கம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகதி என்பது ஒருவர் கடந்துபோக வேண்டிய நிலை. நாம் அதைப் பிறப்பால் வருவதாக, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதாக ஆக்கி வைத்திருக்கிறோம். அப்படி இறங்குகிற ஒன்றுக்கு நம் சமூகத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு.

2

முதலில் உலக ஏற்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் நாடற்றுத் திரிந்தவர்களை முன்வைத்து 1951-இல் அகதிகள் ஒப்பந்தம் உருவானது. 1967-ஆம் ஆண்டு நெறிமுறை அதை உலகம் முழுமைக்குமாக விரித்தது. இனம், மதம், தேசிய அடையாளம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் கொண்டு, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. இந்த ஒப்பந்தத்தின் மூன்று பிரிவுகள் நமக்கு முக்கியம். உயிருக்குத் தப்பி நேரே வந்து, தாமதிக்காமல் அதிகாரிகள் முன் நிற்பவரை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31. ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 33. அகதிகள் குடியுரிமை பெறுவதை இயன்றவரை எளிதாக்க வேண்டும் என்கிறது 34. இந்தக் கடைசிப் பிரிவை நம் மேடைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அகதிநிலைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தமே உள்ளடக்கியிருக்கிறது.

கனடாவை எடுத்துக்கொள்வோம். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலோரத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், தஞ்சம் கேட்கும் ஒருவரை நேரில் விசாரிக்காமல் நிராகரிக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. 1989 முதல் தனி வாரியம் ஒன்று விசாரிக்கிறது. கோரிக்கை ஏற்கப்பட்டால் ‘பாதுகாக்கப்பட்டவர்’; பிறகு விண்ணப்பித்து நிரந்தரக் குடியிருப்பாளர்; அதன்பின் ஐந்தாண்டுக் காலத்தில் மூன்றாண்டுகள் அங்கே வாழ்ந்து, மொழியும் நாட்டு நடப்பும் தெரியும் என்று காட்டினால் குடிமகன். படிகள் செங்குத்தானவை. ஆனால் படிகள் இருக்கின்றன.

அங்கே தேனும் பாலும் ஓடுவதாக நான் சொல்லவில்லை. 2010-இல் ‘சன் சீ’ கப்பலில் போய்ச் சேர்ந்த 492 தமிழர்கள், குழந்தைகள் உட்பட, காவலில் வைக்கப்பட்டார்கள். தஞ்சம் கேட்பவர் தன் வாழ்க்கையை நம்பத்தகுந்த ஒரு பிரதியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தேதி ஒன்று பிசகினால் பட்ட அடி பொய்யாகிவிடும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) ஓர் அகதி விண்ணப்பத்தின் வடிவத்தில் தொடங்குவது தற்செயலானதல்ல. துயரத்தைக் கதையாக்கிக் காட்டச் சொல்லும் அதிகாரத்தையே அந்நாவல் முதலில் நம் முன் நிறுத்துகிறது.

என்றாலும், கதையை நம்பிவிட்டால் அங்கே கோப்பு மூடப்படுகிறது. 1983 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுவனாகக் கனடா போன ஹரி ஆனந்தசங்கரி 2015-இல் அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். 2025-இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எல்லைக் காவல் அவர் துறைக்குக் கீழேதான் வருகிறது. அதே ஆண்டில் அதே கலவரத்துக்குத் தப்பி மண்டபத்தில் இறங்கிய பத்து வயதுப் பையன் இங்கே என்னவாக இருக்கிறான்?

3

இந்தியா 1951 ஒப்பந்தத்திலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. என் நண்பன் போடாத கையெழுத்துக்குப் பின்னால் இந்த அரசு போடாத கையெழுத்து ஒன்று இருக்கிறது. தேசிய அகதிச் சட்டம் என்று ஒன்றும் கிடையாது. 2015-இல் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. ‘அகதி’ என்ற சொல்லை நாம் மேடையில், கவிதையில், முகாம் வாசற்பலகையில் பார்த்திருக்கிறோம். குடியுரிமைச் சட்டத்திலோ அது இல்லை. அங்கே இருப்பவை ‘வெளிநாட்டவர்’, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற இரண்டு சொற்கள்.

1983 ஜூலை முதல் 2012 வரை தமிழகம் வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது அரசுக் கணக்கு. பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட விவரப்படி 108 முகாம்களில் 58,822 பேர். காவல் நிலையங்களில் பதிவு செய்துகொண்டு வெளியே வசிப்பவர்கள் 34,087 பேர். அப்போது குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித்தர முடிவானது. இவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பத்தடிக்குப் பத்தடித் தகரத்தின் கீழ் வெயில் காலம் எப்படியிருக்கும் என்று அறிந்தவர்களுக்கு வீட்டின் அருமை தெரியும்.

ஆனால் இந்த உறவின் தன்மையைக் கவனிக்க வேண்டும். கனடா அரசு ‘ஏன் வந்தாய்?’ என்று ஒருமுறை துருவிக் கேட்கிறது. நம் அரசு அதைத் தனித்தனியாக யாரிடமும் கேட்டதில்லை. அது கேட்பதெல்லாம் ‘இருக்கிறாயா?’ என்பது மட்டுமே. குறித்த நாளில் வருவாய்த்துறை அலுவலர் பெயர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். முகாமில் அதைச் ‘செக்கிங்’ என்பார்கள். பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனவர் பஸ் பிடித்து ஓடி வருவார். கல்லூரியில் என் நண்பன் மாதத்தில் சில நாள் காணாமல் போவது எதற்கென்று எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வருகைப் பதிவுக்காக வகுப்பை விட்டவன் அவன்.

1951-இல் வெளியான ‘சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்கள்’ நூலில் ஹன்னா அரெண்ட் ‘உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை’ என்ற ஒன்றைப் பேசினார். 1933-இல் ஜெர்மனியிலிருந்து தப்பி, 1951-இல்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் அவர். நாடற்றவருக்குச் சோறு கிடைக்கலாம், துணி கிடைக்கலாம். அவை யாரோ இரங்கிக் கொடுப்பவையாகவே இருக்கும், கேட்டுப் பெறுபவையாக இருக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். முகாம் வாழ்க்கையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

4

இனி சட்டம். நண்பனின் குடும்பத்தை வைத்தே சொன்னால் எளிதில் விளங்கும். அப்பாவும் அம்மாவும் 1985-இல் படகில் வந்தார்கள். அண்ணன் 1986-இல் முகாமில் பிறந்தான், நண்பன் 1988-இல்.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவுப்படி, 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவரானாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1.7.1987-க்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 3.12.2004-க்குப் பின் பிறந்தால் இருவரும் குடிமக்களாக, அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஆக, ஒரே தாய் வயிற்றில், ஒரே முகாமில் பிறந்த இருவரில் அண்ணன் இந்தியன், தம்பி அந்நியன். அதோடு முடியவில்லை. அண்ணன் முகாமிலேயே பெண்ணெடுத்தான். 2012-இல் பிறந்த அவன் மகள், அம்மா படகில் வந்தவள் என்பதால், குடிமகனின் பிள்ளையாயிருந்தும் குடிமகளல்ல.

அண்ணன் இந்தியன் என்பதும் ஏட்டளவில்தான். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைச் சுட்டி நீதிமன்றம் போய், 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளையில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். முப்பத்தெட்டு வயதில் முதல் ஓட்டு. சட்டம் ஏற்கெனவே தந்துவிட்ட ஒன்றை வழக்குப் போட்டு வாங்க வேண்டியிருந்தது.

தம்பிக்கு வேறு வழி இல்லையா? பதினோரு ஆண்டு வாழ்ந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டும் தொடர்ந்து இங்கே இருந்தவர் இயல்புரிமைப்படி கேட்கலாம் என்று ஆறாம் பிரிவு சொல்கிறது. ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறி’ கேட்க முடியாது. செல்லுபடியாகும் பயண ஆவணமின்றி நுழைந்த வெளிநாட்டவர் என்பதே அதற்கு விளக்கம். 2003-இல் நிறைவேறிய திருத்தம் கொண்டுவந்த சொல் இது. ஷெல்லடியில் ஓடி வந்தவர் கடவுச்சீட்டு அலுவலக வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது.

2019 திருத்தம் இந்தத் தடையைச் சிலருக்கு நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தாருக்குப் பதினோரு ஆண்டு ஐந்தாகக் குறைந்தது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின்கீழ், 9.1.2015-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. சிறைக்கதவு விலகியது நல்லதே. வீட்டுக்கதவு அதனால் திறந்துவிடவில்லை.

5

மண்டபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கங்காணிகள் ஆள்சேர்த்துக் கண்டிச்சீமைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போன காலத்தில், கூலிகளைத் தங்கவைத்து நோய் சோதித்து அனுப்பிய முகாம் அது. நண்பனின் அம்மா வழிப் பூட்டன் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து அப்படிப் போனவர். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதி பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் வந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. திரும்பாமல், 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கு நகர்ந்த அம்மாவின் குடும்பம், 1985-இல் அதே மண்டபத்தில் ‘அகதி’யாக இறங்கியது.

“அங்க இருக்கையில இந்தியாக்காரின்னாங்க தம்பி. இங்க வந்தா சிலோன்காரிங்கிறாங்க,” என்றார் அந்த அம்மா. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை.

2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இத்தகைய மலையக வம்சாவழியினர் 65 பேரின் வழக்கில், அவர்களது குடியுரிமை விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலித்தாக வேண்டும் என்றார். 2025 மே மாதம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்ற அமர்வு, உலகத்து அகதிகளுக்கெல்லாம் இந்தியா தர்மசத்திரமா என்று கேட்டது. சத்திரத்தில் நம்மாட்கள் ஒரு ராத்திரி தங்குவார்கள், மிஞ்சினால் மூன்று ராத்திரி. நாற்பது வருஷம் இருந்து பிள்ளை பெற்று, பிள்ளையின் பிள்ளையும் பெற்ற இடத்துக்குப் பெயர் சத்திரமில்லை.

6

2021-இல் ‘அகதிகள் முகாம்’ ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆனது. தமிழில் அகதி என்றால் கதியற்றவர். அந்தச் சொல்லை எடுத்தது மரியாதைதான். ஆனால் உலகச் சட்டத்தில் அகதி என்பது வசைச்சொல்லல்ல, உரிமைகளைத் தரும் சொல். அந்தப் பொருளில் இவர்கள் ஒருநாளும் அகதிகளாக ஏற்கப்படவில்லை. இழிவு மட்டும் வந்தது, உரிமை வரவில்லை. தொடக்கம் சட்டத்தில் பதிவாகாததால் முடிவும் இல்லாமல் போயிற்று. எனவேதான் இது சாதியைப் போல் பிள்ளைக்கு இறங்குகிறது. இருப்பிடம் தனி, பெயர் தனி, செய்யக்கூடிய வேலையும் தனி.

‘தொப்புள்கொடி உறவு’ என்று பேசிவந்த நாமும் இதற்குத் துணைபோயிருக்கிறோம். உறவென்று சொல்லிவிட்டால் உரிமை பற்றிப் பேச வேண்டியதில்லை. இலங்கையையும் 2019 திருத்தத்தில் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மதம் பார்த்துத் திறக்கும் கதவில் நமக்கும் ஒரு சாவி கேட்பதாகவே அது முடியும். ரோகிங்கியாவுக்கு மூடிய கதவு அது. கேட்க வேண்டியவை வேறு. 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்களை வழக்கில்லாமல் குடிமக்களாக ஏற்க வேண்டும். பதிவு பெற்றவர்கள்மீதுள்ள ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற முத்திரையை நீக்கி, விண்ணப்பிக்க வழிவிட வேண்டும். திரும்பிப் போக விரும்புகிறவருக்குப் பிள்ளைகளின் காகிதங்களோடு போக உதவ வேண்டும். மதம் கேளாத அகதிச் சட்டம் ஒன்று வேண்டும். எதைத் தேர்வது என்பதை அவர்களே சொல்ல வேண்டும். 1964-இல் செய்ததுபோல் நாம் பங்கு போடக் கூடாது.

அம்பரப்பர் மலை அப்படியே நிற்கிறது. 2022-இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் அந்த ஆய்வகம் வேண்டாமென்று சொன்னது. அன்றைக்குச் சேர்த்த கையெழுத்துத் தாள்களின் நகல் இன்னும் என் வீட்டில் இருக்கிறது. ரேகை வைத்த கிழவிகள் பெயரெல்லாம் உண்டு. துண்டறிக்கையைத் திருத்தித் தந்தவன் பெயர் மட்டும் இல்லை.