பஞ்சகவ்யாவுக்கு எந்த டிரம்? மிச்சத்தை எதில் வைப்பது?

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய சாமான் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலிலேயே நீல நிற பிளாஸ்டிக் டிரம்களை அடுக்கி வைத்திருப்பார்கள். புது டிரம் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொடுத்துவிடுவார்கள். பஞ்சகவ்யா போட, ஜீவாமிர்தம் கலக்க, மீன் அமிலம் ஊற வைக்க என்று நம்மில் பலர் அங்கேதான் டிரம் வாங்குகிறோம்.

நானும் அப்படி ஒன்று வாங்கினேன். 200 லிட்டர் டிரம். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தது. "சோப்புத் தண்ணி வந்ததுங்க, கழுவிட்டாப் போதும்" என்றார் கடைக்காரர். மூன்று முறை கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்து, பிறகுதான் பஞ்சகவ்யா போட்டேன். பால், தயிர், வெல்லம் எல்லாம் சேர்த்த பிறகும் நுரை கட்டவே இல்லை. பத்து நாள் கலக்கியும் புளிப்பு வாசனை வரவில்லை. மேலே ஒரு படலம் மிதந்தது. நெய்யாக இருக்கும் என்று நினைத்தேன். தோல் ஷெட்டில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் வந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாமா, இது ஈரத் தோலில் பூஞ்சணம் பிடிக்காம இருக்கப் போடுற மருந்து வந்த டிரம்."

நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து இருந்த டிரம்மில் நுண்ணுயிரை வளர்க்கப் பார்த்திருக்கிறேன். ஒரு கிலோ நெய்யும் ஒரு மாத உழைப்பும் போயின. அந்தக் கரைசலை நிலத்தில் ஊற்றவும் பயம், பாலாற்றில் கொட்டவும் மனமில்லை.

கழுவினால் போகுமா?

தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் சரக்குகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சோடியம் சல்பைடு, சுண்ணாம்பு, கந்தக அமிலம், ஃபார்மிக் அமிலம், குரோமியம் உப்பு, பூஞ்சைக்கொல்லி, சாயம், தோலை மிருதுவாக்கும் எண்ணெய்க் கலவை என்று பட்டியல் நீளும். தூளாக வருபவை பெரும்பாலும் மூட்டையில் வரும். திரவமாக வருபவைதான் கேனிலும் டிரம்மிலும் வரும். இந்த டிரம்கள் எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கும். அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும்தான் சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. எண்ணெய்த் தன்மையுள்ள ரசாயனங்கள் இந்த பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறிவிடும். உள்பக்கம் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தாலும், ஊறியது பிறகு மெல்ல மெல்லக் கசிந்து வரும்.

சல்பைடு ஒட்டியிருக்கும் பாத்திரம் இன்னும் ஆபத்து. நொதிக்கும் கரைசலில் அமிலம் ஏறும். அமிலமும் சல்பைடும் சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். தோல் ஆலைத் தொட்டிகளில் இறங்குகிறவர்களைச் சாய்ப்பது இந்த வாயுதான். அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

அபாயகரமான ரசாயனம் ஒட்டிய காலி டிரம், கேன், உறை எல்லாவற்றையும் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவுப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அதாவது அவை பழைய சாமான் கடை வாசலுக்கே வந்திருக்கக் கூடாது. தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது நம் மாவட்டத்துக்காகத்தான். ஆனால் டிரம்மை நாமே காசு கொடுத்து வாங்கி வந்து வயலில் வைத்தால், யாரிடம் போய் ஈடு கேட்பது?

பிறகு எங்கே வாங்குவது? பேக்கரிகளுக்கும் மிட்டாய்க் கம்பெனிகளுக்கும் குளுக்கோஸ் பாகு வரும் டிரம்கள் நல்லவை. பிரியாணிக் கடைகளில் சமையல் எண்ணெய் தீர்ந்த 15 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் சேரும். ஆம்பூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. வாங்கும்போது கடைக்காரரின் வாய்ச்சொல்லை விடுங்கள், லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லாத டிரம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூச்சிமருந்து கேனும் அப்படியே. பஞ்சகவ்யாவுக்கு இரும்பு, தகரப் பாத்திரங்கள் ஆகாது. வாய் அகன்ற மண் பானை, சிமென்ட் தொட்டி, சுத்தமான பிளாஸ்டிக் தொட்டி இவற்றில் ஒன்று போதும்.

200 லிட்டர் எதற்கு?

என் தவறில் இன்னொன்றும் இருந்தது. உள்ளே வந்த சரக்கு 38 லிட்டர், வாங்கிய டிரம்மோ 200 லிட்டர்.

பஞ்சகவ்யாவுக்குக் கொடுமுடி டாக்டர் கே.நடராஜன் வகுத்த முறையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். சாணம் 7 கிலோ, நெய் 1 கிலோ. இவற்றைப் பிசைந்து மூன்று நாள் வைக்க வேண்டும். அதன்பின் கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் ஊற்றி, தினமும் காலையும் மாலையும் கலக்கி 15 நாள். பிறகு பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, நன்கு பழுத்த பூவன் பழம் 12. ஆக 30 நாளில் தயார். எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 38 லிட்டர் வரும். வெல்லமும் பாலும் சேர்ந்ததும் நுரை பொங்கும். அதற்குக் கால்பங்கு இடம் விட வேண்டும் என்று கணக்குப் போட்டால் 50 லிட்டர் பாத்திரம் அளவாக இருக்கும். 40 லிட்டர் பாத்திரத்தில் போட்டால் பொங்கி வழிந்து, கொட்டகை முழுக்க ஈ மொய்க்கும். 200 லிட்டர் டிரம்மில் போட்டால் அடியில் ஒரு சாண் உயரம்கூட வராது. நம் ஊர் மே மாத வெயிலில் ஓரமெல்லாம் காய்ந்து அடையாக ஒட்டிக்கொள்ளும்.

தேவை எவ்வளவு என்பதையும் முதலில் பாருங்கள். தெளிப்புக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர். 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி., 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு 480 மி.லி. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளித்தால் ஒரு முறைக்கு 6 லிட்டர் பஞ்சகவ்யா போதும். பாசனத்தில் விட ஏக்கருக்கு 20 லிட்டர். ஒரு ஏக்கர்காரருக்கு ஒரு தடவை போடும் 38 லிட்டரில் ஒரு பாசனமும் இரண்டு, மூன்று தெளிப்பும் முடிந்துவிடும்.

மீன் அமிலத்தில்தான் கணக்கு தப்புகிறது. மீன் கழிவும் வெல்லமும் சம எடை. 10 லிட்டர் டேங்குக்கு 50 மி.லி. என்றால், ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 1 லிட்டர்தான் செலவாகும். 5 கிலோ மீன் கழிவும் 5 கிலோ வெல்லமும் சேர்ந்து சுமார் 8 லிட்டர் இடம் பிடிக்கும். வடிகட்டினால் ஐந்தாறு லிட்டர் தேறும். ஐந்து தெளிப்புக்கு அது தாராளம். டிரம் பெரிதாக இருக்கிறதே என்று 50 கிலோ கழிவைக் கொட்டி வைத்தால் மிச்சத்தை என்ன செய்வது? பாதியில் புழு வைத்து, அக்கம்பக்கம் சண்டைக்கு வந்த கதைகள் நம் ஊரிலேயே உண்டு.

காற்று வேண்டியதும் வேண்டாததும்

பஞ்சகவ்யாவுக்குக் காற்று வேண்டும். அதனால்தான் அகன்ற வாய், தினம் இருமுறை கலக்கல், மேலே கொசுவலை. மீன் அமிலம் நேர்மாறானது. அதை மூடி வைக்க வேண்டும். ஆனால் வாயு வெளியேற வழியும் வேண்டும். ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் ஈஸ்ட்டால் நொதித்தால் 200 லிட்டருக்கு மேல் கரியமில வாயு உண்டாகும். மீன் அமிலத்தில் அவ்வளவு நொதிக்காதுதான். இருந்தாலும் இறுக்கி மூடிய கேன் உப்பி வெடிக்க அதில் கால்வாசி வாயுவே அதிகம். மூடியில் துளை போட்டு, மீன் தொட்டிக்குப் போடும் சன்னக் குழாயைச் சொருகி மெழுகால் அடையுங்கள். மறுமுனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். வாயு குமிழி விட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். 8 லிட்டருக்கு 12 முதல் 15 லிட்டர் பாத்திரம் சரி.

நொதிக்கும்போது இடம் விட்ட நாம், வடிகட்டிய பிறகு இடமே விடக் கூடாது. இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். திராட்சை ஒயின் செய்பவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம். (நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.) பிரான்சின் போர்தோ பகுதியில் 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் ஒயினை வைப்பார்கள். மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, மேலே வெற்றிடம் விழும். அதே ஒயினை அவ்வப்போது ஊற்றி விளிம்புவரை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். பீப்பாய் நிறையாத மிச்சம் சிறு ஜாடிகளுக்குப் போய்விடும். காற்று பட்டால் ஒயின் காடியாகிவிடும். அதற்குக் காரணம் நுண்ணுயிர் என்பதை லூயி பாஸ்டர் 1866-ல் வெளியிட்ட ஒயின் பற்றிய நூலிலேயே எழுதினார்.

நம் கணக்குக்கு வருவோம். 50 லிட்டர் டிரம்மில் 6 லிட்டர் மீன் அமிலம் இருந்தால் மீதி 44 லிட்டரும் காற்று. அதில் ஏறக்குறைய 9 லிட்டர் ஆக்சிஜன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகும். பூஞ்சணம் மேலே படரும். அதற்குப் பதிலாக ஆறு 1 லிட்டர் பாட்டில்களில் கழுத்துவரை நிரப்புங்கள். ஒரு ஏக்கர் தெளிப்புக்கு ஒரு பாட்டில். திறந்ததை அன்றே தீர்த்துவிடலாம், மற்ற ஐந்தும் திறக்கப்படாமல் இருக்கும்.

நிரப்பும் முன் ஒரு சோதனை. குளிர்பான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் மட்டும் ஊற்றி இறுக மூடி, மறுநாள் காலை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தால் நொதித்தல் இன்னும் ஓயவில்லை. ஒரு வாரம் பொறுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம், வெடித்தால் கண்ணைப் பதம் பார்க்கும். குளிர்பான பாட்டிலில் ஊற்றினால் மேலே பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிறம் பார்த்தால் குளிர்பானம் மாதிரியே இருக்கும்.

பஞ்சகவ்யா மிச்சத்தைப் பாட்டிலில் அடைக்காதீர்கள். அளவு குறையக் குறைய சிறிய பானைக்கு மாற்றி, கலக்குவதைத் தொடருங்கள். கெட்டியானால் தண்ணீர் விட்டு இளக்குங்கள். ஆறு மாதம்வரை வைத்துப் பயன்படுத்தலாம். நன்றாக வந்த கரைசலில் ஒரு லிட்டரை அடுத்த தடவைக்கு உறைமோர் போல ஊற்றுவது என் வழக்கம். வடிகட்டிய மண்டி தென்னைப் பாத்திக்குப் போகும். மீன் முள்ளை மட்டும் ஆழமாகப் புதையுங்கள், நாய் தோண்டிவிடும்.

கரைசலில் நாம் ஊற்றும் 10 லிட்டர் தண்ணீரை மழைநீராகச் சேமித்துக்கொள்ளலாம். தெளிக்கக் கலக்கும் 194 லிட்டர்தான் பிரச்சினை. தோல் கழிவு நீர் இறங்கிய கிணறுகளில் உப்பு கூடியிருக்கும். மின்கடத்தும் திறன் 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் மிகவும் உப்பு நீர் என்று கணக்கு. அதைத் தெளித்தால் ஈரம் காய்ந்ததும் உப்பு இலையிலேயே தங்கி ஓரம் கருகும். பழி பஞ்சகவ்யா மேல் விழும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, தண்ணீரை ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

என் கெட்டுப்போன 38 லிட்டர் அந்த டிரம்மிலேயே கோடை வெயிலில் வற்றிக் கட்டியாகிவிட்டது. மூடி போட்டு, சிவப்பு பெயின்டில் "தொடாதே" என்று எழுதி மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து அதை விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை.