சிவப்பு விளக்கு அணையும் நேரம்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரும் பழைய சாலை. மாலை மழை. அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கிய மோரிஸ் மைனரில் வந்துகொண்டிருந்தேன். செம்மோர் தாண்டிச் சமிக்ஞை விளக்கில் நின்றதும், முகப்பு விளக்குகள் எண்ணெய் தீர்ந்த அகல்போல மங்கின. வைப்பர் முக்கி முனகி நகர்ந்தது. வேகமானி வட்டத்துக்குள் சின்னஞ்சிறு சிவப்பு விளக்கு ஒளிர்ந்தது. பச்சை விழுந்து வண்டி வேகமெடுத்ததும் சிவப்பு அணைந்தது. சாலை மறுபடி வெளிச்சமானது.

மறுநாள் புந்தோங்கில் ஒரு பட்டறைக்குப் போனேன். பழைய காடிகளோடு பழகியே தலை நரைத்த பெரியவர் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். “நிக்கிறப்ப மங்குறது டைனமோவோட பிறவிக் குணம் தம்பி. ஓடுறப்பவும் மங்குனாதான் சீக்கு” என்றார். ஆனால் இஞ்சின் அறைச் சுவரில் திருகியிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பெட்டியின் எர்த் கம்பி பச்சை பூத்து, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. “இது அறுந்திருந்தா டைனமோவே கருகியிருக்கும்.”

விரல் நீளக் கம்பி ஒன்று அறுந்தால் காருக்கு மின்சாரம் தரும் டைனமோ ஏன் கருக வேண்டும்? அதைப் புரிந்துகொள்ளாமல் பழைய காரின் ரெகுலேட்டர் பெட்டியில் யாரும் கை வைக்கக்கூடாது. புரிந்துகொண்டால், அந்தப் பெட்டியைவிட அழகான பொறி அந்தக் காரில் வேறில்லை என்பது தெரியும்.

வேகம் ஏறினால் வோல்ட் ஏறும்

காந்தத்துக்கும் செப்புக்கும் இடையே அசைவு இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே 1831இல் காட்டினார். எத்தனை வோல்ட் பிறக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: சுழலும் வேகம், காந்தத்தின் பலம்.

பேராக் ஆற்றின் செண்டெரோ அணையிலும் இதே விதிதான். கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தருவதற்காக 1930இல் எழுந்த நீர்மின் நிலையம் அது. அங்கே தண்ணீர் வரத்தைக் கூட்டிக் குறைத்துச் சுழலியின் வேகத்தை மாறாமல் பிடித்து வைக்கிறார்கள். காரின் டைனமோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெல்ட் வழியாக அது இஞ்சினோடு கட்டுண்டது. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மெல்லச் சுழலும். கோலகங்சார் சாலையில் விரையும்போது ஐந்தாறு மடங்கு வேகத்தில் சுழலும். ஆனால் பேட்டரிக்கோ, வேகம் எதுவானாலும் 14 வோல்ட்டை ஒட்டி வந்தால்தான் நல்லது. குறைந்தால் சார்ஜ் ஏறாது. கூடினால் பேட்டரி கொதித்து வற்றும், பல்புகள் கருகும்.

வேகத்தை நாம் ஆள முடியாது. மிச்சமிருப்பது காந்தத்தின் பலம் ஒன்றுதான். ரெகுலேட்டரின் முழுச் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது.

உறை மோர்

டைனமோவில் இருப்பது நிரந்தரக் காந்தம் அல்ல. இரும்புத் துருவங்களைச் சுற்றிய ‘பீல்டு’ சுருளில் மின்சாரம் ஓடினால்தான் அவை முழு பலத்தோடு காந்தமாகும். அந்த மின்சாரத்தைத் தருவதும் அதே டைனமோதான். காந்தம் இல்லாமல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாமல் காந்தம் இல்லை. அப்படியானால் எது முதலில்?

1867இல் வெர்னர் சீமென்ஸும் சார்லஸ் வீட்ஸ்டனும் தனித்தனியே இந்தக் கேள்விக்கு விடையை உலகுக்குச் சொன்னார்கள். ஒருமுறை காந்தமான இரும்பு, மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. அந்த மிச்சத்தில் ஓரிரு வோல்ட் பிறக்கும். அது பீல்டு சுருளில் பாய்ந்து காந்தத்தை வளர்க்கும். வளர்ந்த காந்தம் இன்னும் அதிக வோல்ட்டைத் தரும். ஒரு துளி உறை மோர் குடம் பாலையும் தயிராக்குவதைப் போன்றதுதான் இது. தயிர் தானாக நின்றுவிடும், டைனமோ நிற்காது. இஞ்சின் வேகமெடுக்க எடுக்க 20 வோல்ட்டையும் தாண்டிப் போகும்.

பெட்டிக்குள் இரண்டு காவலர்கள்

1950களிலும் 60களிலும் வந்த மைனர்களில் பெரும்பாலும் லூக்காஸ் நிறுவனத்தின் சி39, சி40 வகை டைனமோவும், ஆர்பி106 என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருந்தன. மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு மின்காந்தச் சுருள்கள் நிற்கும்.

ஒன்று வோல்ட்டைக் காக்கும் ரெகுலேட்டர். டைனமோவின் மின்சாரம் ஒரு ஜோடி முனைகள் வழியாகத்தான் பீல்டு சுருளுக்குப் போகிறது. வோல்ட் அளவு மீறினால் சுருள் ஓர் இரும்புத் தகட்டை இழுத்து முனைகளைப் பிரிக்கும். பீல்டு மின்சாரம் அப்போது ஒரு மின்தடை வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் காந்தம் தளரும், வோல்ட் இறங்கும். இறங்கியதும் சுருளின் பிடி விட்டு முனைகள் மறுபடி சேரும். ஒரு விநாடிக்குள் பல பத்து முறை இது நடக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரு சின்ன நடுக்கம் மட்டுமே. திரான்சிஸ்டர் எதுவும் இல்லாமல், செப்பும் இரும்பும் வில்லும் சேர்ந்து செய்யும் கணக்கு இது.

தகட்டைப் பிடித்திருக்கும் வில்லிலும் ஒரு நுட்பம் உண்டு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது அது. சூடு ஏற ஏறத் தளர்ந்து, வோல்ட் வரம்பைக் கொஞ்சம் தாழ்த்தும். வெப்பத்தில் பேட்டரிக்குக் குறைந்த வோல்ட்டே போதும் என்பதால், ஈப்போ வெயிலில் நிற்கும் காருக்கு இது பெரிய உதவி.

மற்றது ‘கட்-அவுட்’. இஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரியின் மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாய்ந்தால் பேட்டரி காலியாகும், சுருளும் கருகும். அதைத் தடுக்கும் கதவு இது. டைனமோ 12.7 முதல் 13.3 வோல்ட் எட்டினால்தான் கதவு மூடி மின்பாதை இணையும். மின்சாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கினால் திறந்துவிடும்.

ஐந்து முனைகள்

பெட்டியின் அடியில் ஏ, ஏ1, எஃப், டி, ஈ என்று ஐந்து முனைகள். இவற்றின் கம்பிகளை மாற்றும்போது முதல் வேலை, பேட்டரிக் கம்பியைக் கழற்றுவது.

டைனமோவின் பெரிய முனையிலிருந்து வரும் மஞ்சள் கம்பி டி-க்கு. அது டைனமோ தரும் முழு மின்சாரத்தையும் சுமப்பதால் தடித்தது. சிறிய முனையிலிருந்து வரும் பச்சைக் கோடிட்ட மஞ்சள் கம்பி எஃப்-க்கு. அது பீல்டுக்கு மட்டும் என்பதால் மெல்லியது. பழுப்புக் கம்பி ஏ-யிலிருந்து பேட்டரிப் பக்கம் போகிறது. நீலக் கோடிட்ட பழுப்புக் கம்பி ஏ1-இலிருந்து சாவி, விளக்கு சுவிட்சுகளுக்கு. கறுப்புக் கம்பி ஈ-யிலிருந்து காரின் உடம்புக்கு, அதாவது எர்த்துக்கு.

பெரியவர் முகம் மாறியதற்குக் காரணம் இந்தக் கறுப்புக் கம்பிதான். இரண்டு காவல் சுருள்களின் மின்பாதையும் அதன் வழியாகத்தான் முடிகிறது. அது அறுந்தால் இரண்டுமே மயங்கிவிடும். கட்-அவுட் மூடாது, சார்ஜ் ஏறாது. ரெகுலேட்டர் முனைகள் பிரியாததால் டைனமோ தன் பீல்டைத் தானே ஊட்டி ஊட்டிக் கட்டறுந்து ஓடும். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் அந்தக் கம்பியை இறுக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் மற்ற நான்கு கம்பிகளுக்கும் சேர்த்து ஆகவில்லை.

பழைய கம்பிகளைக் கழற்றும்போது என் கையில் கறுப்புத் தூள் உதிர்ந்தது. அந்தக் காலத்துக் கார்க் கம்பிகளில் செப்பின்மேல் ரப்பர் உறை, அதன்மேல் பருத்திப் பின்னல் இருக்கும். வெப்பமும் எண்ணெயும் பட்டு ரப்பர் இறுகி வெடித்துவிடும். எங்கள் தோட்டத்துப் பேச்சில் ரப்பருக்குப் பெயர் கித்தா. மலாய் மொழியின் ‘கெத்தா’விலிருந்து வந்த சொல். ரப்பர் தோட்டங்கள் வருவதற்கு முன்பே, மலாய்க் காட்டு மரங்களின் கட்டாபெர்ச்சா பால்தான் 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இட்ட தந்திக் கம்பிக்கு உறையானது. அதன் பெயரிலும் அதே ‘கெத்தா’ இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளுக்குப் பின், இந்த மண் கித்தாக் காடாக மாறியது.

கம்பி முனைகளை இணைக்கும் பற்றாசு, வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. மைனர் ஓடிய காலத்தில் உலகச் சந்தைக்கு வெள்ளீயத்தையும் ரப்பரையும் அனுப்புவதில் மலாயா முன்னணியில் நின்றது. இந்தக் கம்பியின் பால் எந்த நிரையில் வடிந்ததென்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் விடியுமுன் மரம் சீவப் போன எங்கள் பாட்டிமாரின் உழைப்பு கப்பலேறி, கம்பியாகி, காராகித் திரும்பி வந்திருக்கிறது என்ற நினைப்போடுதான் அந்தத் தூளைத் துடைத்தேன்.

திசை காட்டிக் கொடுத்தல்

புதிய கம்பிகளை மாட்டியதும் இஞ்சினைக் கிளப்பிவிடக்கூடாது. மைனர்களில் பெரும்பாலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே எர்த். கழற்றி மாட்டிய டைனமோவின் மிச்சக் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதென்று உறுதி இல்லை. தலைகீழாக இருந்தால் மின்சாரமும் தலைகீழாகப் பிறந்து முனைகளைத் தீய்த்துவிடும். அதனால் எஃப் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி, பேட்டரியை மாட்டிய பின், அதன் எர்த் அல்லாத முனையில் ஓரிரு விநாடி தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி பறக்கும். பீல்டு இரும்பு தன் திசையைக் கற்றுக்கொள்ளும். இது லூக்காஸ் வகைக்கு உரிய முறை. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பீல்டு இணைப்பே வேறு. அங்கே இதைச் செய்யக்கூடாது.

பிறகு சோதனை. பெரியவர் ஏ, ஏ1 கம்பிகளைப் பெட்டியிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று இணைத்தார். வோல்ட்மீட்டரை டி-க்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, இஞ்சின் வேகத்தை மெல்ல ஏற்றச் சொன்னார். முள் ஏறி, ஒரு துடிப்புத் துடித்து, 16 வோல்ட்டை ஒட்டி நின்றது. பாரம் இல்லாத நிலையில் அதுதான் சரியான அளவு. பேட்டரியையும் விளக்குகளையும் இணைத்தால் இறங்கிவிடும். “அரை நிமிசத்துக்குள்ள பாத்து முடிக்கணும். சுருள் சூடாச்சுன்னா கணக்கு பொய் சொல்லும்.”

இன்று கார்களில் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. இஞ்சின் மெல்ல ஓடும்போதும் அது சார்ஜ் தரும். அதன் டையோடுகளே கதவாக நிற்பதால் கட்-அவுட்டும் தேவையில்லை. சி40 முழு மூச்சாக உழைத்தாலும் 22 ஆம்பியர்தான், ஏறக்குறைய 300 வாட். வசதிக்காக ஆல்டர்னேட்டருக்கு மாறுவோரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூடியைத் திறந்து, ஒரு பொறி தன்னைத் தானே அடக்கிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு இந்தப் பெட்டியோடு போய்விடும். புந்தோங் பெரியவரின் கையறிவும் அதோடு போய்விடக்கூடாது.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போதும் சமிக்ஞை விளக்கில் சிவப்பு ஒளிர்ந்தது. இம்முறை எனக்குப் பயமில்லை. அந்தப் பல்பின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியிலும், மறு முனை டைனமோவின் டி-யிலும் இருக்கிறது. இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் சமமானால் இடையிலுள்ள குழாயில் ஓட்டம் நிற்கும் அல்லவா? டைனமோவின் வோல்ட் பேட்டரிக்குச் சமமாக ஏறியதும் பல்பில் மின்சாரம் ஓடாது. பச்சை விழுந்தது, மெல்ல மிதித்தேன். சிவப்பு அணைந்த அந்த நேரத்தில், கறுப்புப் பெட்டிக்குள் கதவு ஒன்று மூடியது எனக்குத் தெரிந்தது.