தீர்மானம் ஏட்டோடு நின்றால் போதுமா?

நமது கடைவீதிச் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் தீர்மானங்கள் வாசிக்கப்பட்டபோது, பின்வரிசையில் இருந்த இளம் வியாபாரி ஒருவர் எழுந்தார். "அண்ணாச்சி, வருஷா வருஷம் தீர்மானம் போடுறோம், கை தட்டுறோம், காபி குடிச்சிட்டுக் கலையறோம். தீர்மானத்தால ஒரு மூட்டையாவது நகர்ந்திருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

தீர்மானம் போடுவது நமது சங்கங்கள் மட்டும் அல்ல. பெரிய சட்டமன்றங்களும் இதையே செய்கின்றன. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2007ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, தீபாவளியின் சமய, வரலாற்றுச் சிறப்பை அங்கீகரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இத்தகைய தீர்மானம் ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போவதில்லை; சட்டமாகவும் ஆகாது. அதனால் ஒரு டாலர்கூட ஒதுக்கப்படுவதில்லை. நமது இளைஞர் கேட்ட கேள்வியை அங்கும் பலர் கேட்டிருப்பார்கள்.

கனடாவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒன்ராறியோ மாகாணச் சட்டசபை 2014இல் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. கனடா நாடாளுமன்றம் 2016 அக்டோபர் 5 அன்று நாடு முழுமைக்கும் அதே போன்ற தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. அதைக் கொண்டுவந்தவர் தமிழரான கேரி ஆனந்தசங்கரி. தைப்பொங்கல் வரும் மாதம் என்பதால் ஜனவரி பொருத்தமாக அமைந்தது.

அதே 2016 அக்டோபர் 5 அன்றுதான் அமெரிக்க அஞ்சல் துறை தீபாவளிக்கென்று தபால் தலை வெளியிட்டது. 2023 நவம்பரில் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை அளிக்கும் சட்டத்தில் அம்மாநில ஆளுநர் கையெழுத்திட்டார். 2007ஆம் ஆண்டுத் தீர்மானம் தானாக நடந்துபோய் இவற்றைக் கொண்டுவரவில்லை. சலிக்காமல் மனுக் கொடுத்து, பின்தொடர்ந்து கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தத் தீர்மானமோ அவர்கள் கையில் ஒரு சாட்சிப் பத்திரமாக இருந்தது.

பண்டிகை போகட்டும், பாதுகாப்புக்கு வருவோம். 1871 அக்டோபரில் சிகாகோ நகரில் பிடித்த பெருந்தீயில் சுமார் 250 பேர் மாண்டனர். ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். அதன் நினைவாக 1920இல் ஜனாதிபதி வில்சன் தீத்தடுப்பு நாளை அறிவித்தார். 1925இல் ஜனாதிபதி கூலிட்ஜ் அதைத் தீத்தடுப்பு வாரமாக்கினார். நம் நாட்டிலும் 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த கப்பல் தீப்பிடித்து வெடித்ததில் தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிரிழந்தனர். அந்த நாளைத்தான் தீயணைப்போர் நாளாக ஆண்டுதோறும் அனுசரிக்கிறோம்.

இங்கே நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நமது சங்கமும் தீப்பாதுகாப்புத் தீர்மானம் ஒன்றை ஏகமனதாக நிறைவேற்றியது. கடைக்கு ஒரு தீயணைப்பான் வைப்பது, மாடிப்படியில் சரக்கு அடுக்காமல் இருப்பது, சந்தில் வண்டியை நிறுத்திவைக்காமல் இருப்பது என்று மூன்று அம்சங்கள். கையெழுத்திட்டவர்களில் நாமும் ஒருவர். தீர்மானத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்க அலுவலகத்தில் மாட்டினோம்.

மறு வருடம் பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, நமது கிடங்கை அடுத்த கிடங்கில் தீப்பிடித்தது. காலிச் சாக்கு, கற்பூரப் பெட்டி, எண்ணெய் டின் எல்லாம் ஒரே அறையில் இருந்தன. நம் கடைச் சிப்பந்தி நமது தீயணைப்பானை எடுத்துக்கொண்டு ஓடினார். அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. வாங்கி வைத்ததோடு சரி, அதைத் திரும்ப நிரப்பவே இல்லை. சந்தில் லோடு வண்டி நின்றதால் தீயணைப்பு வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அந்தச் சிப்பந்தியின் கையில் இருக்கும் தழும்பைச் சம்பளம் கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறோம். நாம் கையெழுத்திட்ட தீர்மானத்தை நாமே படிக்கவில்லை.

எனவே அந்த இளைஞருக்கு நமது பதில் இதுதான். தம்பி, தீர்மானம் மூட்டையை நகர்த்தாது. மூட்டையை நகர்த்தப் போகிறவர் பெயரும், எந்தத் தேதிக்குள் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வருகிற தீபாவளிச் சரக்கு இறங்குவதற்கு முன் சங்கம் செய்யவேண்டியவையாக நாம் முன்வைப்பவை:

1. வீதிக்கு இருவர் வீதம் பொறுப்பாளர் நியமித்து, கடை கடையாகத் தீயணைப்பானைப் பார்வையிட வேண்டும். அளவுமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, நிரப்பிய தேதி என்ன என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

2. கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் ஆகியவற்றைச் சாக்கு, அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். எண்ணெயில் பிடித்த தீக்கும் மின்சாரத் தீக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைச் சிப்பந்திகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

3. உரிமம் பெற்றுத் தற்காலிகப் பட்டாசுக் கடை போடுவோர், 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி விட வேண்டும். கடைகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி இருக்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு அறவே கூடாது.

4. பார்வையிட்ட விவரம் அடுத்த கூட்டத்தில் கடைப் பெயரோடு வாசிக்கப்பட வேண்டும்.

பொறுப்பாளர்களில் முதல் பெயராகக் கேள்வி கேட்ட இளைஞரின் பெயரையே முன்மொழிகிறோம். அவர் முதலில் பார்வையிட வேண்டியது நமது கடையை.