குளத்து நத்தையும் குறட்டை நோயும்

மூச்சு விடும்போது குறட்டையொலி எழுப்பும் மாட்டின் மூக்கினுள் பூக்கோசு போன்ற சதை வளர்ச்சி காணப்படுவதுண்டு. மூக்கின் சிரைகளில் வாழும் சிஸ்டோசோமா நேசேல் என்னும் இரத்தத் தட்டைப்புழுவே இதற்குக் காரணம். சென்னை மாகாணத்து மாடுகளில் கண்ட இப்புழுவை 1933ஆம் ஆண்டு விவரித்து எழுதியவர் எம். ஏ. என். ராவ்.

மூக்குச்சளியோடு நீரில் விழும் முட்டை பொரிந்ததும், அதன் இளவுயிரி நேரே மாட்டை அடைவதில்லை. இண்டோபிளனார்பிஸ் என்னும் தட்டைச்சுருள் நத்தையினுள் புகுந்து, பன்மடங்காகப் பெருகி, செர்கேரியா என்னும் வாலுடைய வடிவில் வெளியேறுகிறது. குளத்தில் இறங்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்வது இவ்வடிவமே. ஆகவே, மாடு நோயுறும் முன்பே நத்தையைக் கொண்டு குளத்தை அறியலாம்.

கையுறை அணிந்து நத்தைகளைச் சேகரித்தல் வேண்டும். மாட்டிற்குரிய செர்கேரியா மனிதத் தோலிலும் புகுந்து அரிப்பை உண்டாக்கும். வயலில் நாற்று நடுவோர் இவ்வரிப்பை நன்கறிவர். நத்தைகளைத் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் தூய நீருடன் இட்டுச் சில மணி நேரம் வெளிச்சத்தில் வைப்பர். கருந்துணியின் முன் குப்பியைப் பிடித்துக் கைலென்சால் நோக்கினால், வெளிவந்த செர்கேரியாக்கள் வெண்துகள்களாய் நீந்துவது தெரியும்.

அடுத்து நுண்ணோக்கி. முதலில் காண வேண்டியது வால். கல்லீரல் தட்டைப்புழுவின் செர்கேரியாவுக்குப் பிளவுபடாத ஒற்றை வால். அது தோலைத் துளைக்காமல் நீரோரப் புல்லில் உறை கட்டிக்கொள்ளும். இரத்தத் தட்டைப்புழுவிற்கோ நுனி இரண்டாகப் பிளந்த வால். எனினும் பிளவு வாலை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. பறவைகளின் குடலில் முதிரும் வேறு சில தட்டைப்புழுக்களுக்கும் அத்தகைய வாலுண்டு. அவற்றின் வாய்க்குப் பின்னே தசையாலான தொண்டை உருண்டையாகத் தெரியும். இரத்தத் தட்டைப்புழுவின் செர்கேரியாவில் அது இராது. நியூட்ரல் ரெட் சாயம் சிறிது சேர்த்தால் உள்ளுறுப்புகள் துலங்கும்.

இவ்வளவு கண்டும் இனத்தின் பெயரைக் கூறிவிட இயலாது. மாடுகளைத் தாக்கும் வேறு இரத்தத் தட்டைப்புழுக்களும் இதே நத்தையில் வளர்கின்றன. அவற்றின் செர்கேரியாக்கள் பார்வைக்கு ஒத்தவை. மரபணுச் சோதனையே அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். ஆனால் கால்நடைகளைக் குளத்தில் இறக்கலாமா என்னும் வினாவிற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தொண்டையற்ற பிளவுவால் செர்கேரியா ஒன்று தென்பட்டாலே போதும்.

எதுவும் வெளிவராத நத்தை தூயதென்று கொள்ளலாகாது. அண்மையில் தொற்றிய புழு, செர்கேரியாவாக வெளிவரச் சில வாரங்களாகும். அத்தகைய நத்தைகளை வளர்த்து மீண்டும் சோதிப்பர். அல்லது ஓட்டை உடைத்து, உள்ளே இளவுயிரிகள் பெருகும் பைகள் உள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பர்.