ஆறு புதியவர்களுக்கு ஒரு சீனியர்

ராகிங் தடுப்பு விதிகள் என்றதும் பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வெளியிட்ட அதே விதிகளில் அதிகம் பேசப்படாத ஓர் ஏற்பாடும் உண்டு. அடுத்த ஆண்டு வரப்போகும் புதியவர்களுக்குத் துணை நிற்க விரும்பும் மாணவர்களைக் கொண்டு, கல்வியாண்டு முடியும்போதே ஒவ்வொரு கல்லூரியும் ஒரு குழு அமைக்க வேண்டும். ஆறு புதியவர்களுக்கு ஒரு சீனியர். அப்படி ஆறு சீனியர்களுக்கு அவர்களுக்கும் மூத்த ஒருவர்.

1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சீனியரின் கொடுமையைச் சட்டம் தடுக்கலாம். அவரிடமே போய்ச் சந்தேகம் கேட்கும் துணிச்சலை யார் தருவது? அதற்குத்தான் இந்த ஆறு பேர் கணக்கு.

பெற்றோர் கல்லூரியில் படித்த வீடென்றால், இன்டர்னல் மார்க் எப்படிப் போடுவார்கள், அரியர் விழுந்தால் எப்போது எழுதலாம் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடும். முதல் பட்டதாரிக்கு வீட்டில் கேட்க ஆளில்லை. தமிழ்வழியில் படித்து கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், ஆங்கில வகுப்பில் கேள்வி புரிந்தும் பதிலுக்கு வார்த்தை வராமல் உட்கார்ந்திருப்பார். தன் அறிவிலேயே குறை என்று அவர் நம்பத் தொடங்குவது அங்கேதான். “எனக்கும் முதல் செமஸ்டர் இப்படித்தாம்மா இருந்துச்சு” என்று அதே வழியில் வந்த அக்கா ஒருவர் சொன்னால், பேராசிரியரின் ஆறுதலைவிட அது மனதில் பதியும். உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதும் போன வருடம் வரிசையில் நின்றவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சாதியை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் சந்தித்த பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும்கூட அவர்கள் ஒதுக்கப்பட்டதை 2007இல் பதிவுசெய்தது. பேராசிரியர் இல்லாத இந்த இடங்களில் நடப்பது சக மாணவர் கண்ணில்தான் முதலில் படும். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலரை நியமிக்கும்படி மானியக் குழு 2012இல் விதி வகுத்தது. அவரிடம் புதியவரைக் கூட்டிப்போகவும், வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் தானே சமாளிக்கப் பார்க்காமல் மனநல ஆலோசகரிடம் உடனே சேர்க்கவும் சீனியருக்குப் பயிற்சி தர வேண்டும்.

இந்தப் பொறுப்பை முதல் மதிப்பெண்காரர்களுக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது. தமிழ்வழியில் வந்து, விழுந்த அரியர்களையும் எழுதித் தேறியவருக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்தாக வேண்டும்.