மெஜஸ்டிக்கில் ஒரு ஏரி இருந்தது!

சிட்டி ரெயில் நிலையத்தில் இறங்குகிறவர்கள் "பஸ் நிலையம் எங்கே சார்?" என்று கேட்பதும், நாங்கள் எதிர்ப்பக்கம் கை காட்டுவதும் தினமும் நடப்பது. அந்த இடம் ஒரு காலத்தில் ஏரி. பெயர் தர்மாம்புதி. அம்புதி என்றால் கடல். பேட்டை மக்களுக்குத் தண்ணீர் கொடுத்த அந்தத் தருமக் கடலில்தான் இன்று பஸ்கள் நிற்கின்றன. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிறது.

ஏரி போனால் என்ன, காவிரி வருகிறதே என்பார்கள். வருகிறது, சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்து, மோட்டார் வைத்து மேட்டில் ஏற்றி! அது எட்டாத தெருக்களுக்கு போர்வெல்தான் கதி. 2024 கோடையில் அரசு கணக்கில் இருந்த சுமார் 14 ஆயிரம் போர்வெல்களில் ஏறத்தாழ பாதி வற்றிவிட்டன. டேங்கர் லாரிக்காக லீவு போட்டுவிட்டு குடத்துடன் நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஏரியில் நிற்கும் மழைத் தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். கிணறும் போர்வெல்லும் ஊறும். ஒரு ஏரி நிரம்பினால் ராஜகால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கால்வாயை மறித்துக் கட்டினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்களே, நினைவிருக்கிறதா?

கோரை செய்யும் வேலை

எலகங்கா பக்கம் உள்ள ஜக்கூர் ஏரியைப் பார்க்க வேண்டும். அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர் நேரே ஏரியில் விழுவதில்லை. கோரை மண்டிய சதுப்பு வழியாக மெல்ல நகர்ந்து வருகிறது. மிச்சமிருக்கும் அழுக்கு அடியில் படிகிறது. பயிருக்கு உரமாகும் சத்துக்களை கோரை உறிஞ்சிக்கொள்கிறது. வேரில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும் அழுக்கைத் தின்கின்றன. இதற்குக் கரண்டு பில் கிடையாது! ஏரியில் மீன் பிடிக்கிறார்கள், கரையில் மாட்டுக்குப் புல் அறுக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் தண்ணீர் ஊறியது.

ஆனால் கோரைக்கும் ஓர் அளவு உண்டு. சாக்கடை அப்படியே வந்து விழுந்தால் அது என்ன செய்யும்? பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியது. 2017 பிப்ரவரியில் தீயே பிடித்தது. தண்ணீரில் தீ!

நம்மவர்கள் நிறைந்த அல்சூரிலும் 2016 மார்ச்சில் ஏரி மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. சாக்கடை கலந்து, தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனதுதான் காரணம்.